‘அறிஞர்கள் ஏற்றுக்கொண்டனர்’ என்று எழுதும் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கும், அறிவியல், வரலாறு, மொழி குறித்து எழுதும் செய்தியாளர்களுக்கும்,

வணக்கம்.

ஆய்வுச் செய்திகளின் கடைசிப் பத்தியில் வழக்கமாக ஒரு வரி வரும். ‘இந்த முடிவை அறிஞர்கள் ஏற்றுக்கொண்டுள்ளனர்’ என்று இருக்கும். இல்லையென்றால் ‘அறிஞர்களிடையே இது சர்ச்சையைக் கிளப்பியுள்ளது’ என்று இருக்கும். எந்த அறிஞர்கள், எத்தனை பேர், எங்கே சொன்னார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. செய்தியை முடிக்க ஒரு வரி தேவைப்பட்டது, போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்விதழ்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உங்கள் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது நிஜமாகவே ஏற்கப்பட்டதா?’ என்று கேட்டு வரும் மாணவர்களுக்குத் தேடிக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. அந்தக் கேள்வியை அச்சுக்குப் போகும் முன்பே நீங்கள் கேட்டிருக்கலாமே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு துறை ஏற்றுக்கொண்டதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. துறை மொத்தமும் தவறிய கதைகள் உண்டு, தெரியும். ஆனால் நீங்கள் எழுதும் அந்த வரி, ஆய்வாளர் சொன்னது உண்மையா என்பதைப் பற்றியே பேசவில்லை. சக ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்கிறது. அது நடந்ததா இல்லையா என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய சங்கதி. ஓர் அமைச்சர் பதவி விலகினாரா என்று உறுதி செய்யாமல் செய்தி போட மாட்டீர்கள். இதற்கும் அதே அக்கறை வேண்டும் என்கிறேன்.

உங்களில் பலர் வைத்திருக்கும் அளவுகோல், ‘ஆய்விதழில் வந்துவிட்டதா?’ என்பது. வந்தால் ஏற்கப்பட்டது, வராவிட்டால் இல்லை. இந்த அளவுகோலைக் கணிதத்தின் இரண்டு நிகழ்வுகளில் வைத்துப் பாருங்கள்.

2002 நவம்பரில் ரஷ்யக் கணிதவியலாளர் கிரிகோரி பெரல்மான், கட்டுரைகளை முன்பதிப்பாக வைக்கும் ‘ஆர்க்கைவ்’ தளத்தில் ஒரு கட்டுரையைப் போட்டார். அடுத்த ஆண்டில் இன்னும் இரண்டு. ஆன்ரி புவான்கரே 1904-ல் எழுப்பிய கேள்வி ஒன்று தீராமல் கிடந்தது. அதற்கான நிரூபணம் அந்த மூன்று கட்டுரைகளுக்குள் இருந்தது. அவற்றை அவர் எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. எழுத்து மிகச் சுருக்கமாக இருந்ததால், மூன்று குழுக்கள் தனித்தனியாக உட்கார்ந்து, அவர் தாண்டிப்போன படிகளையெல்லாம் விரித்து எழுதிச் சரிபார்த்தன. நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஆயின. அங்கங்கே சிறு இடைவெளிகள் இருந்தன, நிரப்ப முடிந்தது. 2006-ல் அவருக்குக் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் அறிவித்தார்கள், வேண்டாம் என்றார். 2010-ல் கிளே கணித நிறுவனம் பத்து லட்சம் டாலர் பரிசை அறிவித்தது, அதையும் வேண்டாம் என்றார். அவருடைய அந்தக் கட்டுரைகள் எந்த ஆய்விதழிலும் வராமலேயே அந்த நிரூபணம் நிலைத்துவிட்டது.

இப்போது மற்றது. 2012 ஆகஸ்டில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஷினிச்சி மோச்சிசுகி, எண் கோட்பாட்டில் ‘ஏபிசி ஊகம்’ எனப்படுவதை நிரூபித்துவிட்டதாக நான்கு கட்டுரைகளை வெளியிட்டார். 500 பக்கங்களுக்கு மேல். அவர் ஏற்கெனவே பெயர் பெற்றவர், அதனால் யாரும் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் படித்தவர்கள் உள்ளே போக முடியாமல் திணறினார்கள். 2018 மார்ச்சில் பீட்டர் ஷோல்ட்சே, யாக்கோப் ஷ்டிக்ஸ் என்ற இரண்டு ஜெர்மானியக் கணிதவியலாளர்கள் கியோட்டோவுக்கே போய் ஒரு வாரம் அவரோடு பேசினார்கள். மூன்றாவது கட்டுரையில் ‘கிளைத்தேற்றம் 3.12’ என்ற இடத்தில் வாதம் அறுந்து நிற்கிறது என்று எழுதினார்கள். தாம் சொல்வதை அவர்கள் புரிந்துகொள்ளவில்லை என்று மோச்சிசுகி பதில் எழுதினார். பிறகு 2021-ல் அந்தக் கட்டுரைகள் மதிப்பீட்டாளர்களின் ஒப்புதலோடு ஓர் ஆய்விதழில் அச்சாயின. அது அவர் பணியாற்றும் ஆய்வு நிறுவனத்தின் இதழ், அப்போது அதன் தலைமைப் பதிப்பாசிரியரும் அவர்தான். இந்தக் கட்டுரைகள் தொடர்பான முடிவுகளில் அவர் பங்கேற்கவில்லை என்று இதழ்த் தரப்பு சொன்னது, நம்பலாம். ஆனாலும் அச்சில் வந்ததற்காக யாரும் மனம் மாறவில்லை. அவரைச் சுற்றியுள்ள ஒரு சிறு வட்டத்தைத் தவிர, எண் கோட்பாட்டில் பெரும்பாலானவர்கள் ஏபிசி ஊகத்தை இன்னும் நிரூபிக்கப்படாத ஒன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் அளவுகோல்படி முதலாவது ஏற்கப்படாதது, இரண்டாவது ஏற்கப்பட்டது. நடந்தது நேர்மாறு.

ஆய்விதழின் மதிப்பாய்வு என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் கட்டுரையைப் படித்து, அச்சிடத் தகுந்தது என்று சொல்வது. சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. விவாதம் தொடங்க அது ஒரு அனுமதி. நீங்கள் அதைத் தீர்ப்பாக எழுதிவிடுகிறீர்கள்.

சரி, வேறு எதைப் பார்ப்பது? என் கணக்கில் ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: அந்த ஆய்வாளரோடு சம்பந்தமில்லாதவர்கள், தங்கள் சொந்த வேலையில் அந்த முடிவை எடுத்துப் பயன்படுத்துகிறார்களா? பாராட்டுவது, கைதட்டுவது, மேடையில் வாழ்த்துவது எல்லாம் செலவில்லாத காரியங்கள். இன்னொருவர் சொன்னதை நம்பி அதன் மேல் தன் ஆய்வைக் கட்டுகிறவர், அது தவறிப்போனால் தன் உழைப்பும் சேர்ந்து வீணாகும் என்று தெரிந்தே கட்டுகிறார்.

இதை நான் அறிந்தவற்றுள் மிகத் தெளிவாகக் காட்டுவது, ‘லீனியர் பி’ எனப்படும், கிரேக்க நாட்டை ஒட்டிய ஏஜியன் கடல் பகுதியின் பழைய எழுத்தின் கதை. 1952-ல் மைக்கேல் வென்ட்ரிஸ் அதைப் படித்துவிட்டதாக அறிவித்தார். தொழிலால் அவர் கட்டடக் கலைஞர், பல்கலைக்கழகத்தில் எந்தப் பதவியும் இல்லாதவர். அந்த எழுத்து பழங்கிரேக்கத்தைக் குறிக்கிறது என்றார். பெரும்பாலானோர் அப்போது அதை எதிர்பார்க்கவில்லை, அவரே முன்பு இத்தாலியின் பழைய மொழியான எட்ருஸ்கனோடு தொடர்புள்ள மொழி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். ஜான் சாட்விக் என்ற மொழியறிஞர் அவரோடு சேர்ந்தார். அந்த நிலையில் யாராவது ‘அறிஞர்கள் ஏற்றனர்’ என்று எழுதியிருந்தால் அது பொய்.

அப்புறம் 1953-ல், கிரேக்க நாட்டில் பைலோஸ் என்ற இடத்தில் அகழாய்வு செய்த கார்ல் பிளேகன், முந்தைய ஆண்டு தோண்டியெடுத்த களிமண் பலகைகளைச் சுத்தம் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பலகையில் பாத்திரங்களின் சிறு படங்கள் இருந்தன. முக்காலிப் பாத்திரத்தின் படத்துக்குப் பக்கத்தில் இருந்த குறிகளுக்கு வென்ட்ரிஸின் ஒலிகளை வைத்துப் பார்த்தால் ‘தி-ரி-போ-தே’ என்று வந்தது, கிரேக்கத்தில் முக்காலிதான். நான்கு கைப்பிடி போட்ட ஜாடிப் படத்துக்குப் பக்கத்தில், கிரேக்கத்தின் ‘நான்கு’ என்ற சொல்லின் பழைய வடிவத்தில் தொடங்கும் சொல். மூன்று கைப்பிடி ஜாடிக்குப் பக்கத்தில் ‘மூன்று’. கைப்பிடியே இல்லாத ஜாடிக்குப் பக்கத்தில் ‘அ-நோ-வே’, அதாவது காதில்லாதது. வென்ட்ரிஸ் தன் ஒலிப்பட்டியலை உருவாக்கியபோது இந்தப் பலகையைப் பார்த்ததே இல்லை. பட்டியலை உருவாக்கியவர் வேறு, அதை வைத்துப் படித்துப் பார்த்தவர் வேறு. பட்டியல் தவறென்றால் மூன்றும் நான்கும் படத்தோடு இப்படிப் பொருந்தியிருக்காது.

அதற்குப் பிறகும் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. எடின்பரோவின் ஆர்தர் பீட்டி 1956-ல் கடுமையான மறுப்பு எழுதினார். ஆனால் மற்றவர்கள் புதிதாகக் கிடைத்த பலகைகளை அந்தப் பட்டியலை வைத்தே படித்தார்கள். எண்ணெய்க் கணக்கு, ஆட்டுக் கணக்கு, பெண் தொழிலாளர்களுக்கான உணவுப்பங்கு என்று பொருள் வந்தது. அதை வைத்து, அந்தப் பலகைகள் இருந்த அரண்மனைகளின் பொருளாதாரத்தையே எழுதினார்கள். ஒவ்வொரு கட்டுரையின் தொடக்கத்திலும் ‘வென்ட்ரிஸ் சொன்னது சரிதான்’ என்று வாதாடுவதை நிறுத்தினார்கள். ஏற்பு என்பது இப்படித்தான் வரும். எந்த நாளில் வந்தது என்று தேதி போட முடியாது, அதனால் அது உங்களுக்குச் செய்தியாகத் தெரிவதில்லை.

ஒப்பிட, இன்னும் யாரும் படிக்காத வாய்னிச் கையெழுத்துப் படியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஓர் ஆய்வாளர் அதைப் படித்துவிட்டதாக மதிப்பாய்வு செய்யப்பட்ட ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். பல்கலைக்கழகம் செய்திக்குறிப்பு வெளியிட்டது, உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி ஆனது. இடைக்கால மொழிகளில் வல்லவர்கள் மறுத்தவுடன், சில நாட்களுக்குள் பல்கலைக்கழகம் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டது. அந்த ஆய்வாளரின் முறையை வைத்து வேறு யாராவது ஒரு பக்கத்தைத் தாமாகப் படித்துக் காட்டினார்களா என்று ஒரு செய்தியாளர் கேட்டிருந்தால் போதும்.

செய்திக்குறிப்பு என்றதும் 1989 மார்ச் 23-ம் தேதி நினைவுக்கு வருகிறது. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிளீஷ்மனும் பான்ஸும் அறை வெப்பநிலையில் அணுக்கரு இணைவு நடத்திக் காட்டியதாக, கட்டுரை வெளிவரும் முன்பே, செய்தியாளர்களைக் கூட்டிச் சொன்னார்கள். அந்த ஆண்டு முடியுமுன் ஆய்வகம் ஆய்வகமாகச் செய்து பார்த்துக் கைவிட்டார்கள். இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அறிவிப்பு மேடையில் கிடைக்கும் கைதட்டலை எந்தத் துறையின் ஒப்புதலாகவும் எண்ணாதீர்கள்.

‘ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வு’ என்று எழுதுவதும் இப்போது பழக்கமாகிவிட்டது. எண் உண்மையாக இருக்கும், பொருள் வேறாக இருக்கும். தட்டம்மைக் கூட்டுத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு சேர்த்துப் பேச வைத்த 1998-ம் ஆண்டு ‘லான்செட்’ கட்டுரை, வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. 2010-ல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. அதையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மறுப்பதற்காகவோ, தவறுக்கு உதாரணமாகவோ காட்டியவை. மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்தீர்களானால், அதில் நாலைந்தையாவது திறந்து, அந்த வாக்கியம் என்ன சொல்கிறது என்று படியுங்கள். நூலகத்துக்கு வந்தால் நாங்கள் எடுத்துத் தருவோம். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

அடுத்தது, யாரைக் கேட்கிறீர்கள் என்பது. உங்களுக்குப் பழக்கமான, போன் எடுக்கக்கூடிய மூன்று நான்கு பேராசிரியர்கள் இருப்பார்கள். எந்த ஆய்வு வந்தாலும் அவர்களிடமே கருத்து வாங்குகிறீர்கள். அணு இயற்பியலாளர் ஒருவர் கல்வெட்டைப் பற்றிச் சொல்வதும், கல்வெட்டாளர் மரபணுவைப் பற்றிச் சொல்வதும் ‘அறிஞர் கருத்து’ என்று வந்துவிடுகின்றன. அந்தத் துறைக்குள் அதே வகைச் சான்றுகளோடு அன்றாடம் மல்லுக்கட்டுகிறவரைத் தேடுங்கள். ஆய்வாளரின் ஆசிரியர், மாணவர், கட்டுரையில் கூடப் பெயர் போட்டவர் வேண்டாம். அவரிடமும் ‘இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்காதீர்கள். அதற்கு நாகரிகமான பதில்தான் வரும். ‘உங்கள் அடுத்த கட்டுரையில் இதை அடிப்படையாக வைத்து எழுதுவீர்களா?’ என்று கேளுங்கள். ‘சுவாரஸ்யமான ஆய்வு’ என்று தொடங்கியவர்கள் பலர் அந்த இடத்தில் நிதானிப்பதைப் பார்ப்பீர்கள். செய்தி அந்த நிதானத்தில்தான் இருக்கிறது.

சில நேரம் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘இதுவரை எவரும் மறுக்கவில்லை’ என்று ஆய்வாளர் பெருமையாகச் சொல்வார், நீங்களும் எழுதிவிடுவீர்கள். மௌனம் சம்மதம் என்பது இங்கே செல்லாது. ஆண்டுதோறும் வரும் கட்டுரைகளில் பெரும் பகுதி மறுக்கப்படாமலேயே மறக்கப்படுகிறது. ஒன்றை மறுத்து எழுத மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும். கண்டுகொள்ளாமல் இருக்க ஒன்றும் வேண்டாம். பத்தாண்டு கழித்தும் துறையின் மீளாய்வுக் கட்டுரைகளிலும், புதிதாகத் திருத்தப்பட்ட பாடநூல்களிலும், கையேடுகளிலும் அந்தப் பெயரே இல்லையென்றால், ஏற்கவில்லை என்று எவரும் எழுதாமலேயே ஏற்கவில்லை என்றுதான் பொருள். நானே மாணவர்களிடம் முதலில் எடுத்துக் கொடுப்பது ஒரே கையேட்டின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், எந்த முடிவு அடிக்குறிப்பிலிருந்து உடற்பகுதிக்கு ஏறியது, எது சத்தமில்லாமல் காணாமல் போனது என்று கண்ணுக்கே தெரியும்.

இன்னொரு சிக்கல், ஆளையும் அவர் சொன்ன அத்தனையையும் ஒரே பொட்டலமாகக் கட்டுவது. சிந்துவெளிக் குறிகளை எடுத்துக்கொள்வோம், நம் வாசகர்களுக்கு ஆர்வமுள்ள விஷயம். ஐராவதம் மகாதேவன் 1977-ல் அந்தக் குறிகளின் தொகுப்பையும் அட்டவணைகளையும் வெளியிட்டார். அந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் அதைத் தொடாமல் நகர முடியாது. 2004-ல் ஃபார்மர், ஸ்புரோட், விட்செல் மூவரும் அவை மொழியைக் குறிக்கும் எழுத்தே அல்ல என்று வாதிட்டபோதும், அவர் தொகுத்த எண்ணிக்கைகளை எடுத்துத்தான் வாதிட்டார்கள். எதிரணியே பயன்படுத்துகிற ஒன்றைவிட வலுவான ஏற்பு வேறு கிடையாது. ஆனால் அந்தக் குறிகள் திராவிட மொழி ஒன்றைக் குறிக்கின்றன என்ற அவருடைய கருத்து, அஸ்கோ பர்போலா போன்றவர்கள் ஆதரித்த ஒரு மதிப்புமிக்க கருதுகோள். தனித்தனிக் குறிகளுக்கு அவர் கொடுத்த வாசிப்புகள் அதைவிட ஊகமானவை, பொது ஒப்புதல் பெறாதவை. ஒரே மனிதர், மூன்று வெவ்வேறு நிலைகள். ‘மகாதேவனின் ஆய்வு ஏற்கப்பட்டதா?’ என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் எழுதினால் எந்தப் பக்கம் எழுதினாலும் தவறுதான். இருமொழிக் கல்வெட்டு ஒன்றும் கிடைக்காத, ஒரு பொறிப்புக்குச் சராசரியாக ஐந்து குறிகளே உள்ள ஒரு பொருளில், ‘சிந்து எழுத்து படிக்கப்பட்டது’ என்று யார் அறிவித்தாலும், எந்த மொழிக்காக அறிவித்தாலும், முதல் நாளே அப்படித் தலைப்பு வைப்பது அநியாயம். அறிவிப்பு நமக்குப் பிடித்த பக்கம் இருக்கும்போதுதான் கை தானாகத் தலைப்பை எழுதும். அப்போதுதான் கூடுதலாக விசாரிக்க வேண்டும்.

எதிர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பெரிய மனிதர் மறுத்துவிட்டால் ‘சர்ச்சை’ என்று எழுதுகிறீர்கள். டான் ஷெக்ட்மான் 1982-ல் கண்டு, 1984-ல் வெளியிட்ட, அணுக்கள் ஒழுங்காக அமைந்தும் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வராத குவாசிப் படிகங்களை, இரண்டு நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங் கடைசிவரை ஏற்கவில்லை. 1994-ல் அவர் இறந்தார். ஆனால் 1992-லேயே பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம், படிகம் என்பதன் வரையறையையே இந்தப் புதிய பொருட்கள் உள்ளே வரும்படி மாற்றிவிட்டது. ஒரு துறை தன் அடிப்படை வரையறையைத் திருத்திய பிறகு, எவ்வளவு பெரியவர் வெளியே நின்றாலும் அதைச் சர்ச்சை என்று சொல்ல முடியாது. ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதலாம், அது வேறு.

இந்தக் கதையையே சிலர் தலைகீழாக உங்களிடம் கொண்டுவருவார்கள். ‘ஷெக்ட்மானையும் சிரித்தார்கள், வேகனரையும் சிரித்தார்கள், என்னையும் சிரிக்கிறார்கள்’ என்பார்கள். நல்ல கதை, உங்களுக்கும் பிடிக்கும். கண்டங்கள் நகர்கின்றன என்று வேகனர் 1912-ல் சொன்னார், 1930-ல் இறந்தார். 1960-களில் கடலடித் தரையின் காந்தப் பட்டைகள் போன்ற புதிய சான்றுகள் வந்த பிறகே புவியியலாளர்கள் மாறினார்கள். சிரிப்புக்கும் அந்த மாற்றத்துக்கும் தொடர்பில்லை. சிரிக்கப்பட்டு, நியாயமாகவே மறக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

நேர்மையாக நடந்துகொண்டவர்களையும் உங்கள் தலைப்புகள் விட்டுவைப்பதில்லை. 2011 செப்டம்பரில் ‘ஓபெரா’ சோதனைக் குழு, ஜெனிவா அருகிலுள்ள செர்ன் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியில் உள்ள தங்கள் கருவிக்கு நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்ததாக அளந்தது. காரணம் புரியவில்லை, மற்றவர்கள் சோதித்துப் பாருங்கள் என்றுதான் அந்தக் குழு சொன்னது. செய்தித்தாள்களில் ‘ஐன்ஸ்டீன் தோற்றார்’ ஆகிவிட்டது. 2012-ல் சரியாகப் பொருந்தாத ஓர் ஒளியிழை இணைப்பு கண்டுபிடிக்கப்பட்டது. அதே இடத்திலிருந்த ‘இக்காரஸ்’ குழு அளந்தபோது ஒளிவேகத்தைத் தாண்டவில்லை. முதல் செய்தியை முதல் பக்கத்தில் போட்டவர்கள் இரண்டாவதை எந்தப் பக்கத்தில் போட்டார்கள் என்று பழைய தாள்களைப் புரட்டினால் தெரியும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புதிய முடிவென்றால் ‘இன்னார் வாதிடுகிறார், இந்த இதழில் வந்திருக்கிறது, துறையில் இன்னும் யாரும் தனியாகச் சோதிக்கவில்லை’ என்று எழுதுங்கள். ஏற்பு இருக்கிறதென்றால் எதில் தெரிகிறது என்று ஒரு வரி சேருங்கள்: இந்தக் குழு திரும்பச் செய்தது, இந்தக் கையேட்டில் சேர்ந்தது, இந்த வரையறை மாறியது என்று. எதிர்ப்பு இருக்கிறதென்றால் எத்தனை பேர், எந்தப் பகுதியை, எதற்காக எதிர்க்கிறார்கள் என்று சொல்லுங்கள். பெரிதாகப் போட்ட செய்தியை ஓராண்டு கழித்து என்ன ஆயிற்று என்று பார்க்க, நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இதற்கெல்லாம் நேரமே இல்லை, பக்கம் பதினொரு மணிக்குப் போகிறது என்றால், அந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டு அனுப்புங்கள். செய்தி ஒன்றும் குறைந்துவிடாது.

இப்படிக்கு,
ஆய்விதழ்ப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு நூலகர்